ஐயர் பாட்டும் அண்ணன் பாட்டும்



யாருடைய நினைவுக்காக இன்று கூடியிருக்கிறோமோ அந்த வாத்தியாரை உங்களில் பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பாட்டு இல்லாமல் அவர் எந்தக் கூட்டத்தையும் தொடங்கியதில்லை. பாட்டு முடிந்ததும் ஒரு கேள்வி கேட்பார்: "நல்லா இருக்கு. இதை எழுதினவன் எப்படி வாழ்ந்தான்?" நாங்கள் விழிப்போம். அந்தக் கேள்வியைத்தான் இன்றைய பேச்சுக்கு எடுத்துக்கொண்டேன். கிறிஸ்தவப் பாட்டு எழுதிய பாதிரிமார், கவிராயர்கள் எப்படி வாழ்ந்தார்கள், நாம் எங்கே உட்கார்ந்து அவர்கள் பாட்டைப் பாடினோம் என்பதுதான் என் பேச்சு.

முதலில் என் வீட்டிலிருந்து தொடங்குகிறேன். என் அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கீர்த்தனைப் புத்தகத்தில் பாதி மனப்பாடம். கோயிலில் வாசலை ஒட்டித்தான் உட்காரும். ஏன் என்று கேட்டால், "அங்கதான் ஆத்தா காத்து வரும்" என்று சொல்லும். அது காற்றுக்காக உட்கார்ந்த இடம் இல்லை என்று புரிய எனக்கு இருபது வயது ஆயிற்று. தாத்தா தப்பு அடித்தவர். ஞானஸ்நானம் வாங்கிய வருடம் தப்பைப் பரணில் ஏற்றிவிட்டார். அது பேய்ச் சத்தம் என்று உபதேசியார் சொன்னாராம். ஆக எங்கள் வீட்டில் பாட்டு உள்ளே போயிற்று, தப்பு வெளியே நின்றது. சமூகவியல் படிக்கப் போனபோது நான் கொண்டுபோன கேள்வி இதுதான்.

இங்கிலாந்தில் ஜான் நியூட்டன் என்று ஒருவர் இருந்தார். 'அமேசிங் கிரேஸ்' பாட்டை எழுதியவர். உலகமெங்கும் கறுப்பின மக்கள் தங்கள் பாட்டாகவே எடுத்துக்கொண்ட பாட்டு அது. எழுதியவரோ ஆப்பிரிக்க மக்களைப் பிடித்துக்கொண்டு போய் விற்ற கப்பலின் தலைவர். 1748இல் புயலில் மாட்டிக் கடவுளிடம் திரும்பினேன் என்று அவரே சொல்கிறார். ஆனால் அதற்குப் பிறகும் அடிமைக் கப்பல் ஓட்டினார். கடலை விட்டது 1754இல். போதகரானது 1764இல். பாட்டு எழுதியது 1772இன் கடைசியில். அடிமை வியாபாரம் கொடுமை என்று தன் பெயர் போட்டு அச்சிட்டதோ 1788இல்தான். பாட்டுக்கும் அந்த ஒப்புதலுக்கும் நடுவே 15 ஆண்டுக்கு மேல். தாமதமானாலும் சொன்னார். பிரிட்டிஷ் பாராளுமன்றம் அந்த வியாபாரத்தைத் தடைசெய்த 1807இலேயே இறந்தார்.

அடுத்தவர் நம் மண்ணிலேயே இறந்தவர். 1801 என்றால் திருப்பத்தூருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட ஊர் இது. அதற்கு 25 ஆண்டு கழித்து, 1826 ஏப்ரல் 3ஆம் தேதி, இங்கிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கிற திருச்சியில் ரெஜினால்டு ஹீபர் இறந்தார். கல்கத்தா பிஷப். வயது 42. காலையில் கோட்டைக் கோயிலில் தமிழ்ச் சபையாருக்குத் திடப்படுத்தல் கொடுத்துவிட்டு வந்து, குளிக்க இறங்கியவர் தண்ணீரிலேயே உயிர்விட்டார். அவர் எழுதிய திரித்துவப் பாட்டுக்கு டர்ஹாம் நகரத்துப் போதகர் ஜான் பாக்கஸ் டைக்ஸ் 1861இல் போட்ட மெட்டு இன்றும் நம் கோயில்களில் ஒலிக்கிறது.

அந்த ஹீபர் 1819இல், இந்தியாவையோ இலங்கையையோ கண்ணால் பார்ப்பதற்கு முன்பே, மிஷனரிப் பாட்டு ஒன்று எழுதினார். இலங்கையின் இயற்கை அழகு, மனிதர்தான் இழிந்தவர் என்ற பொருளில் அதில் வருகிறது. காந்தியோடு நமக்கு ஆயிரம் வழக்கு உண்டு. ஆனால் 1925இல் கல்கத்தாவில் மிஷனரிகளிடம் இந்தப் பாட்டை எடுத்துச் சொல்லி அவர் குறைபட்டது நியாயம்தான். நான் கேட்பது வேறு. பார்க்காத நாட்டு மக்கள் எல்லாரையும் இழிந்தவர் என்று பாடியவர், இங்கே வந்து, மனிதரை மனிதர் இழிந்தவர் என்று ஒதுக்குவதைக் கண்ணெதிரே பார்த்தபோது என்ன செய்தார்?

அதைச் சொல்லுமுன் கொஞ்சம் பின்னே போக வேண்டும். தரங்கம்பாடியில் 1706இல் சீகன்பால்கு இறங்கிய நாளிலிருந்தே சபைக்குள் சாதி பிரச்சினைதான். 1733இல் ஆரோன் என்ற வேளாளரை முதல் இந்தியப் போதகராக அபிஷேகம் செய்தார்கள். அதே காலத்தில் ராஜநாயக்கன் என்ற பறையர் இருந்தார். தஞ்சை அரசரின் படைவீரர். புத்தகம் படித்துத் தானாகத் தேடி வந்தவர், ஊர் ஊராகப் போய் ஊழியம் செய்தவர். அடுத்த போதகர் யார் என்ற பேச்சில் அவர் பெயரும் வந்தது. ஆனால் அவர் கையால் நற்கருணை வாங்க மற்ற சாதியார் சம்மதிக்க மாட்டார்கள் என்று மிஷனரிகள் தயங்கினார்கள். 1741இல் வேறொருவருக்குத்தான் அந்த அங்கி கிடைத்தது. ராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியார்தான்.

இப்போது 1820களின் தஞ்சாவூருக்கு வருவோம். அங்கே வேதநாயகம் சாஸ்திரியார் இருக்கிறார். 1774இல் பிறந்தவர், சுவார்ட்ஸ் ஐயர் வளர்த்த பிள்ளை, சரபோஜி மன்னருக்குத் தோழர், 'பெத்லகேம் குறவஞ்சி' பாடியவர். நம் ராகத்தில், நம் தாளத்தில் பாடலாம் என்று சபைக்குக் காட்டிய பெரிய கவிராயர். அதை நான் குறைக்க மாட்டேன். ஆனால் புதிதாக வந்த மிஷனரிகள் எல்லாச் சாதியாரும் ஒன்றாக உட்கார வேண்டும், ஒன்றாக நற்கருணை வாங்க வேண்டும் என்று சொன்னபோது, கூடாது என்று எதிர்த்து எழுதிய வேளாளக் கிறிஸ்தவர்களின் முதல் குரலும் அவர்தான். சாதியைக் கலைக்கிறார்கள் என்ற புகாரும், தமிழ்ப் பாட்டுக்குக் கோயிலில் இடம் மறுக்கிறார்கள் என்ற புகாரும் அவரிடமிருந்து சேர்ந்தே வந்தன.

வழக்கு ஹீபரிடம் போயிற்று. அவர் மிஷனரிகளுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பினார். இது ஐரோப்பாவில் உயர்குடி, எளியகுடி என்று இருக்கிற வழக்கம் போன்றதுதானே, பொறுத்துக்கொள்ளலாமே என்ற பக்கம்தான் அவர் மனம் சாய்ந்தது. தீர்ப்புச் சொல்லுமுன் இறந்துவிட்டார். பின்னால் வந்த பிஷப் டேனியல் வில்சன் 1833இல், சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனே, முற்றாக விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சாதியை விடவில்லை, சபையை விட்டார்கள்.

தோழர்களே, இந்த முடிச்சைக் கவனியுங்கள். தமிழ் இசைக்காக நின்றவர் சாதிக்காகவும் நின்றார். சாதியை எதிர்த்த வெள்ளைக்காரர்களுக்கு நம் இசை காதில் ஏறவில்லை. ஒரு பக்கம் மண்ணின் பாட்டு உண்டு, நமக்குச் சம இடம் இல்லை. இன்னொரு பக்கம் சம இடம் தருகிறேன் என்றார்கள், நம் சத்தத்தை விட்டுவிட்டு வா என்றார்கள். தாத்தாவின் தப்பு பரணில் ஏறியது இந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவில்தான்.

அதற்காகச் சாஸ்திரியார் பாட்டைத் தூக்கிப் போடு என்று சொல்கிறேனா? இல்லை. மதுரை அமெரிக்கன் மிஷன் 1847இல் சாதியை விடாதவரைச் சபையில் வைப்பதில்லை என்று முடிவெடுத்த மிஷன். அதே மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853இல் கீர்த்தனைத் தொகுப்பை அச்சிட்டபோது, அதில் பெரும்பகுதி சாஸ்திரியார் பாட்டு. எழுதியவர் சாதியை விடவில்லை. பாட்டு அவர் கையை விட்டு வந்து, வாசலோரம் உட்கார்ந்திருந்த என் அப்பத்தா வாயில் ஏறிவிட்டது. வயலில் களை எடுக்கும்போது அப்பத்தா பாடிய பாட்டுக்கு உரிமை அப்பத்தாவுக்குத்தான். பாட்டை வைத்துக்கொள்வோம். வரலாற்றை மறைக்க வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாம் மிஷனரிமாரை எப்படி அழைத்தோம்? சுவார்ட்ஸ் ஐயர், போப் ஐயர். இன்றைக்கும் கிராமத்தில் போதகர் 'ஐயர்'தான். ஆட்டுத்தோல் செருப்போடு கப்பலில் வந்தவருக்கும் நம் ஊர் மேல்சாதிப் பட்டத்தைத்தான் மரியாதை என்று நினைத்துக் கொடுத்தோம். அந்த வரிசையில் ஒருவர் மட்டும் ஐயராக இருக்க மறுத்து அண்ணன் ஆனார். அவர்தான் பரட்டை அண்ணன்.

ஜே. தியோபிலஸ் அப்பாவு, 1940 முதல் 2005 வரை வாழ்ந்தவர். போதகர், தலித் இறையியலாளர், மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரி ஆசிரியர். ஐரோப்பியப் பாட்டுக்கு ஆர்கனும் இசைக்குறிப்பும் வேண்டும், கீர்த்தனைக்கு வருடக்கணக்கில் பயிற்சி வேண்டும், நாட்டுப்புறப் பாட்டுக்குக் காது இருந்தால் போதும் என்பது அவர் வாதம். ஒருமுறை கேட்டவர் பாடலாம், பாடுகிறவர் தன் ஊருக்கு ஏற்ப மாற்றலாம். மாற்றும் உரிமை பாடுகிறவருக்கே என்றார். வழிபாடு முழுவதையும் நாட்டுப்புற மெட்டில், பேச்சுத் தமிழில் அமைத்தார். கடவுளைப் 'பிதா' என்று ஆணாக மட்டும் அழைக்காமல், தாய்க்கும் தகப்பனுக்கும் பொதுவான பேச்சுச் சொல்லால் அழைத்தார். 'ஒரே உலை' என்பது அவர் இறையியல்: ஒரே உலையில் பொங்கி எல்லாரும் சேர்ந்து தின்பதுதான் நற்கருணை. 1820களில் தஞ்சாவூரில் எதற்காகச் சண்டை போட்டார்களோ, அந்தச் சண்டைக்கு 150 ஆண்டுக்குப் பின் வந்த பதில் இது. பறையை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். இசை ஆய்வாளர் ஜோ ஷெரினியன் 2014இல் இவரைப் பற்றி அமெரிக்காவில் ஒரு நூலே வெளியிட்டார். நம் சபைகளில் எத்தனை பேருக்கு இவர் பெயர் தெரியும்?

பறையை ஏன் தூக்கிப் பிடிக்க வேண்டும், அது இழிதொழிலின் அடையாளம்தானே என்று கேட்கும் தோழர்கள் இங்கே உண்டு. அந்தக் கோபத்தை மதிக்கிறேன். சாவு வீட்டுக்குக் கட்டாயமாகக் கூப்பிட்டால் அடிக்க மாட்டோம் என்று சொல்லி அடிவாங்கிய ஊர்கள் நம்மிடம் உண்டு. அடிக்க மாட்டேன் என்பதும் விடுதலைதான். நான் விரும்பி, எனக்காக அடிப்பேன் என்பதும் விடுதலைதான். அடி என்றும் அடிக்காதே என்றும் இன்னொருவன் சொல்வதுதான் அடிமைத்தனம்.

இதெல்லாம் பழைய கதை இல்லை. ஹீபரை அடக்கம் செய்த அதே திருச்சியில், வேறொரு சபையின் கல்லறைத் தோட்டத்தில் தலித் பிணங்களைப் பிரித்து நின்ற சுவரைப் பற்றி நாளேடுகளில் படித்திருக்கிறோம். 1950 குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களில் மட்டும் பட்டியல் சாதியை ஒப்புக்கொண்டது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவத் தலித் இன்னும் வெளியேதான். கோயிலுக்குள் சாதி உண்டு, சான்றிதழில் இல்லை. இதற்குப் போராடப் போகும்போது அரசாங்கம் நம்மைப் பார்த்து, "உங்கள் மதத்தில்தான் சாதி இல்லையே" என்கிறது. அந்தப் பொய்க்குச் சபை வரலாறே மறுப்பு. அதனால்தான் பாட்டு எழுதியவர்களின் வாழ்க்கையைத் தேடிப் படிக்கச் சொல்கிறேன்.

அப்பத்தா இறந்தபோது பரணிலிருந்து தாத்தாவின் தப்பை இறக்கினோம். தோல் கிழிந்திருந்தது, மாற்றிக் கட்டினோம். கோயிலுக்குள் அடிக்கச் சம்மதம் கிடைக்கவில்லை. வாசலில் நின்று அடித்தோம். அப்பத்தா காலமெல்லாம் உட்கார்ந்த இடத்துக்கு நேர் வெளியே, நாலு எட்டுத் தூரம்கூட இல்லை. உள்ளே கீர்த்தனை, வெளியே தப்பு. இரண்டும் அப்பத்தாவுக்குத்தான்.

அந்த நாலு எட்டைத்தான் நாம் கடக்க வேண்டும். மன்றத்துக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். ஊர் ஊராகப் போய் நம் பெண்கள் பாடும் பாட்டை எழுதி எடுப்போம், பாடியவர் பெயரோடு. எந்தப் பாட்டைப் பாடினாலும் வாத்தியார் கேட்ட கேள்வியைக் கேட்போம். அதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்வோம்: இதைப் பாடும்போது யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள்?