பசி வயிற்றிலா, தலையிலா?

ஜொகூர்த் தோட்டங்களில் ஒருவரையொருவர் காணும்போது நாம் முதலில் கேட்பது, “பசியாறியாச்சா?” என்பதுதான். அந்தப் பசி எங்கே பிறக்கிறது? வயிற்றில் என்போம். அதை ஆள்வது தலைக்குள் இருக்கும் மூளை என்று காட்டியவர்களுள் ஒருவர், 1917இல் பிறந்த இந்திய விஞ்ஞானி பால் கிருஷ்ண ஆனந்த்.

மூளையின் அடிப்பாகத்தில் ஹைப்போதாலமஸ் என்ற சிறு பகுதி உண்டு. அளவில் ஒரு பாதாம் பருப்பைப் போன்றது. அதன் நடுப்பகுதி சேதமுற்றால் எலிகள் அளவின்றித் தின்று பருக்கும் என்பது 1940இலேயே தெரிந்திருந்தது. 1951இல் ஆனந்தும் பேராசிரியர் ஜான் புரோபெக்கும் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், அதே உறுப்பின் இரு ஓரங்களையும் ஆராய்ந்தார்கள். அங்கே ஒரு சிறு இடம் சேதமுற்றதும், தீனி முன்னால் இருந்தும் எலிகள் பட்டினி கிடந்தன! ஆகவே ‘சாப்பிடு’ என்று தூண்ட ஓர் இடமும், ‘போதும்’ என்று நிறுத்த மற்றோர் இடமும் உண்டு என்று விளக்கினார்கள்.

பின்னர் ஆனந்த், டில்லியில் 1956இல் நிறுவப்பட்ட அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் பணியாற்றினார். இரத்தத்தில் குளுக்கோஸ் ஏறும்போது ‘போதும்’ என்னும் இடம் சுறுசுறுப்படைவதையும், ‘சாப்பிடு’ என்னும் இடம் அடங்குவதையும் 1962இல் அவரும் துணைவர்களும் வெளியிட்டார்கள். 1994இல் வேறொரு குழுவினர், உடற்கொழுப்பிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டு செல்லும் லெப்டினைக் கண்டறிந்தனர். பசியை ஆள்வதில் இன்னும் பல நரம்புக் கூட்டங்களுக்குப் பங்குண்டு என்பதை இன்று அறிவோம். ஆனந்த் 2007இல் மறைந்தார்.

இதனால் நமக்கென்ன பயன்? மலேசியாவில் 2019இல் நடந்த தேசியச் சுகாதார ஆய்வில், இந்திய வம்சாவளிப் பெரியவர்களில் நூற்றுக்கு 31 பேருக்கு இனிப்பு நீர் இருந்தது தெரியவந்தது. உடல் பருமன் அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஆனால் பருத்தவரைப் பார்த்து, “வாயைக் கட்டத் தெரியாதவர்” என்று ஏசுகிறோம். பசியும் நிறைவும் மன உறுதியை மட்டும் பொறுத்தவை அல்ல. ஏச்சினால் எவரும் இளைப்பதில்லை. வீட்டாரின் துணை கிடைத்தால் இளைக்கலாம்.

வயிறும் குடலும் அனுப்பும் செய்தி மூளையை எட்டச் சற்று நேரமாகும். விடியற்காலையில் வேலைக்கு ஓடும் அவசரத்தில் அள்ளி விழுங்கினால், ‘போதும்’ என்ற கட்டளை வருமுன்பே தட்டு காலியாகிவிடும். ஆகவே மென்று, மெதுவாக உண்போம். இனிப்புப் பானங்கள் சோற்றைப் போல் வயிற்றை நிறைப்பதில்லை. தேநீரில் சீனியைக் குறைப்போம். அரசாங்கக் கிளினிக்கில் இரத்தத்தைச் சோதித்துக்கொள்வோம். வீட்டில் ஒருவருக்கு இனிப்பு நீர் என்றால், அவருக்கு மட்டும் தனிச் சமையல் வேண்டாம். எல்லாரும் அவரோடு சேர்ந்து அளவாக உண்போம்.

“பசியாறியாச்சா?” என்று அன்போடு கேட்பவர்கள் நாம். “நிதானமாகப் பசியாறுங்கள்” என்பதையும் இனி சேர்த்துச் சொல்வோம்.