இடர்நிலை முடிவுகளும் சொல்லமைப்பும்



சில ஆண்டுகளுக்கு முன், கிள்ளானில் அண்டைவீட்டு முதியவர் ஒருவருக்கு மொழிபெயர்க்க மருத்துவமனைக்குச் சென்றிருந்தேன். அறுவைச் சிகிச்சை செய்துகொள்வோரில் 100க்கு 90 பேர் தேறுவர் என்றார் மருத்துவர், மலாய்மொழியில். “நூற்றில் பத்துப் பேர் தவறிவிடுவார்களாம், ஐயா” என்றேன் நான். கணக்கில் பிழையில்லை. ஆயினும் முதியவர் வேண்டாமெனத் தலையசைத்தார். மருத்துவர் கூறியவாறே மீண்டும் சொன்ன பிறகுதான் இசைந்தார். அன்று என் கல்வி எனக்கே நாணம் தந்தது.

ஆமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன் ஆகிய உளவியலாளர் இருவரும் 1981இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 600 பேரைக் கொல்லக்கூடிய நோய்க்கு இரு திட்டங்கள். ஒன்றில் 200 பேர் காப்பாற்றப்படுவது உறுதி. மற்றதில் அனைவரும் பிழைக்க மூன்றிலொரு வாய்ப்பு. எவருமே பிழைக்காதிருக்க மூன்றிலிரு வாய்ப்பு. 72 விழுக்காட்டினர் உறுதியானதைத் தேர்ந்தனர். அதே திட்டங்களை இறப்புக் கணக்காக்கி, முதலாவதை “400 பேர் இறப்பர்” என வேறொரு குழுவினரிடம் கூறியபோது, அதனை ஏற்றோர் 22 விழுக்காட்டினரே.

மறு ஆண்டு, பார்பரா மெக்நீல் குழுவினர் நுரையீரல் புற்றுநோய்ச் சிகிச்சை குறித்து இவ்வாறே வினவினர். பிழைப்போர் கணக்கைக் கேட்டபோது அறுவையை நாடியோர் மிகுந்தனர். இறப்போர் கணக்கைக் கேட்டபோது குறைந்தனர். மருத்துவர்களும் இதற்கு விலக்கல்லர்.

2012இல் போவாஸ் கெய்சார் குழுவினர் மொழியியலார்க்குரிய வினாவை எழுப்பினர். தாய்மொழியில் வினவியபோது தோன்றிய இவ்வேறுபாடு, பின்னர்க் கற்ற அயன்மொழியில் வினவியபோது மறைந்தது. அயன்மொழி உணர்ச்சியினின்று சற்று விலக்கி நிறுத்துகிறது என்பது அவர்தம் கருத்து.

அவ்வாறாயின், முக்கிய முடிவுகளுக்குத் தமிழை விட்டுவிடலாமா? கூடாது என்பேன். பிரிக்பீல்ட்ஸில் மும்மொழியோடு வளரும் சிறுவனுக்கு மலாய் அயன்மொழியென்று எளிதிற் கூறவியலாது. அம்முதியவருக்கோ தமிழன்றி வேறு வழியில்லை. வேண்டிய விலகலைத் தமிழுக்குள்ளேயே உண்டாக்க இயலும். தேறுவோர் 90, தவறுவோர் 10 என்று இரண்டையும் ஒருசேரச் சொல்வதே அவ்வழி.

ஆசிரியர்களே, நிகழ்தகவுக் கணக்கொன்றை நடத்தும்போது, அதன் வாக்கியத்தை மறுதலையாகவும் எழுதச் சொல்லுங்கள். நாளை உங்கள் மாணவர் தம் தாய்தந்தையர்க்கு மருத்துவமனையில் மொழிபெயர்ப்பர். அப்போது அவர் சொல்லும் ஒரு வாக்கியம் ஓர் உயிரைப் பற்றியதாக இருக்கலாம்.