சாணியைக் கிளறிப் பாருங்கள்

காங்கேயம் பக்கம் போயிருக்கிறீர்களா? சுற்றிலும் முள்கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், அங்கங்கே வெள்வேல மரம். கொங்குப் பகுதியில் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலம். காங்கேயம் மாடுகள் மேய்ந்து வளர்வது இதில்தான். விலங்கியல் மாணவர்களைக் கூட்டிப்போய் இங்கே கூடாரம் அடித்துத் தங்குவது எனக்கு வழக்கம்.

ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கயிற்றுச் சட்டம் போட்டு, அதற்குள் இருக்கிற புல் பூண்டை எண்ணுவோம். விடிந்தால் கௌதாரி, வானம்பாடி, ஆள்காட்டி என்று பறவைக் கணக்கு. இதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. எனக்குப் பிடித்ததுக்கு வருகிறேன். சாணி வண்டு! பலகாரம் சாப்பிட்டுக்கொண்டே கேட்பவர்கள் மன்னிக்க வேண்டும்.

பிளாஸ்டிக் டம்ளரை வாய் தரைமட்டத்துக்கு இருக்கும்படி புதைத்து, மேலே குச்சி நட்டு, சாணியைத் துணியில் முடிந்து தொங்கவிடுவோம். வாடைக்கு வருகிற வண்டு டம்ளருக்குள் விழும். காலையில் எண்ணிவிட்டு வெளியே விட்டுவிடுவோம்.

"ஏனுங்க வாத்தியாரே, காடெல்லாம் சாணி கெடக்குது, அதைப் போயி மூட்டை கட்டித் தொங்க விடறீங்களே?" என்று கேட்டார் ஒரு காட்டுக்காரர். வண்டுகளைக் காட்டியதும் அன்று ராத்திரி அவரே டார்ச்சோடு வந்துவிட்டார்.

சாணிக்குள் மூன்று விதக் குடித்தனம். சில வண்டுகள் அதற்குள்ளேயே இருந்துகொள்ளும். சில நேர் கீழே குழி பறித்துச் சாணியை இறக்கும். சில உருட்டிக்கொண்டு ஓடும்; தலையைக் கீழே வைத்துப் பின்னங்காலால் தள்ளுகிற அழகைப் பார்க்க வேண்டுமே! புதைத்த உருண்டைக்குள் ஒரு முட்டை. புழு அந்தச் சாணியையே தின்று வளர்ந்து வண்டாகி வெளியே வரும். மண்ணுக்குள் உரம் இறங்குகிறது, காற்றும் போகிறது. ஆப்பிரிக்க வண்டு ஒன்று பால்வீதியின் ஒளியை வைத்து நேர்கோட்டில் உருட்டிப் போகிறது என்று 2013இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். வண்டுக்குத் தொப்பி மாட்டி வானத்தை மறைத்துச் சோதித்தார்கள், நம்புங்கள்!

மாடு வைத்திருப்பவர்களே, ஐவர்மெக்டின் என்ற பூச்சி மருந்து போட்டால் மிச்சம் சாணியில் வந்து வண்டுப் புழுக்களைக் கொல்கிறது. எந்த மாட்டுக்குத் தேவை, எப்போது போடலாம் என்று கால்நடை மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரம் முடிந்தது என்று ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கையைக் காட்டுகிறார்கள். விளக்கு வைத்து அந்திப்பூச்சி பார்ப்பதைச் சொல்ல நேரமில்லை. ஐப்பசி மழை விழுந்ததும் காட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு, பிள்ளைகளோடு ஒரு ராத்திரி தங்கிப் பாருங்கள். காலையில் ஷூவை உதறிவிட்டுப் போடுங்கள், தேள் இருக்கும்.