குடலினுள் வாழும் உலகமும் பொது ஆய்வுகூடமும்

ஊர்க்குளத்தைத் தனியொருவர் வெட்டியதுமில்லை, தனியொருவர் காத்ததுமில்லை. அணையைத் திருத்துவோர் பலர். மடை திறப்பவர் ஒருவர். நீரின் பயனைப் பெறுவோரோ ஊரார் அனைவரும். இம்முறையைப் போன்றதொரு முறை இன்று மருத்துவ ஆராய்ச்சியிலும் வேரூன்றியுள்ளது. குடலில் வாழும் நுண்ணங்கிகளையும், சமிபாட்டுத் தொகுதியைப் பற்றும் நோய்களையும் ஆராய்வதற்கென அமைந்த பொது ஆய்வுகூடங்கள் அத்தகையன. அவை ஏன் தோன்றின, அவற்றில் நடைபெறுவது யாது, ஏழைக் குழந்தை ஒன்றின் உணவுக் கிண்ணத்துக்கும் அவற்றுக்கும் உள்ள தொடர்பு யாது என்பனவே இப்பேச்சின் பொருளாகும்.

மனிதன் பிறந்த நாள் தொட்டு, தாயின் உடலிலிருந்தும் பாலிலிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் நுண்ணங்கிகள் அவன் குடலிற் குடியேறத் தொடங்குகின்றன. வளர்ந்த மனிதன் ஒருவனுடைய உடலில் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி பற்றீரியாக்கள் வாழ்கின்றன என 2016ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் கணக்கிட்டனர். உடலின் சொந்தக் கலங்களின் தொகையும் கிட்டத்தட்ட இவ்வளவே. இப்பற்றீரியாக்களுள் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் உறைபவை.

இவை வாளா இருந்து உண்பனவல்ல. கீரையிலும் தவிட்டிலும் உள்ள நாரைக் குடல் தானே சமிபாடு செய்யமாட்டாது. அதனைப் பற்றீரியாக்கள் நொதிக்கச் செய்து, பெருங்குடலின் உட்சுவருக்கு உணவாகும் அமிலங்களை ஆக்குகின்றன. விற்றமின் கே என்னும் சத்தை உண்டாக்குகின்றன. நோய்க்கிருமிகள் இடம் பிடிக்காவண்ணம் காவல் புரிகின்றன. நோயெதிர்ப்பு ஆற்றலைப் பழக்கி வளர்ப்பதும் இவற்றின் பணியே. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை அளவின்றி உட்கொள்வோருக்குக் கடும் வயிற்றோட்டம் நேர்வதுண்டு. காவலர் மடிந்த கோட்டையிற் பகைவர் புகுவது போன்ற நிலை அது.

இங்கு ஒரு வினா எழுகின்றது. நோயுற்ற குடலை ஆராய்ந்தால், அங்குள்ள நுண்ணங்கிக் கூட்டம் நலமுள்ளோரின் கூட்டத்தினின்றும் வேறுபட்டிருக்கக் காண்கிறோம். நுண்ணங்கிகள் மாறியதால் நோய் வந்ததா? நோய் வந்ததால் நுண்ணங்கிகள் மாறினவா? காரணம் எது, விளைவு எது என்பதை வெறும் பார்வையால் அறிய இயலாது. நுண்ணங்கி ஒன்றேனும் இல்லாத உயிரொன்றை வளர்த்து, அதனுள் குறித்த நுண்ணங்கிகளை மட்டும் செலுத்திப் பார்த்தல் வேண்டும்.

அத்தகைய உயிர் வாழுமா என்பதே ஒரு காலத்தில் ஐயமாயிருந்தது. நுண்ணங்கிகளின்றி விலங்குகள் வாழ இயலாது போலும் என 1885இல் லூயி பாஸ்டர் கருத்துரைத்தார். 1895இல் பேர்லின் நகரில் நட்டல், தியர்பெல்டர் என்னும் இருவர், தாயின் வயிற்றைக் கீறி எடுத்த கினிப்பன்றிக் குட்டியைக் கிருமியற்ற பெட்டியில் சில நாட்கள் உயிருடன் வைத்திருந்து, அது இயலும் எனக் காட்டினர். அமெரிக்காவின் நோட்ரடாம் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ரெனியர்ஸ் 1928 தொட்டு இப்பணியில் ஈடுபட்டு, உருக்கினாற் செய்த கனத்த கூடங்களில் கிருமியற்ற விலங்குகளை வளர்த்தார். 1957இல் பிலிப் டிரெக்ஸ்லர் என்பார் மெல்லிய பிளாத்திக்குத் தாளினால் இலேசான கூடாரங்களை அமைக்கும் வழியைக் கண்டார். அதன்பின் இம்முறை பல நாடுகளுக்கும் பரவிற்று.

இவ்வாறு வளரும் சுண்டெலியின் குருட்டுக்குடல் மிகப் பெருத்துக் காணப்படும். அதன் நோயெதிர்ப்புத் தொகுதி முதிர்ச்சியடையாதிருக்கும். உணவில் விற்றமின் கே சேர்க்காவிடின் குருதி உறையாது போகும். நுண்ணங்கிகள் புரியும் தொண்டு எத்தகையது என்பதை, அவை இல்லாத வீடே எடுத்துரைக்கின்றது.

ஆயினும் இக்கூடாரத்தைக் காப்பது எளிதன்று. உள்ளே செல்லும் காற்று நுண்ணிய வடிகளினூடாகவே செல்லுதல் வேண்டும். உணவும் நீரும் படுக்கையும் உயர் வெப்ப நீராவியிற் கிருமி நீக்கப்படுதல் வேண்டும். ஊழியர் தம் கைகளைச் சுவரோடு பொருத்திய நீண்ட கையுறைகளுள் நுழைத்தே வேலை செய்வர். எலிகளின் எச்சத்தை இடையிடையே சோதித்துக்கொண்டே இருத்தல் வேண்டும். கையுறையில் ஊசிமுனையளவு துளை விழுந்தாலும் பல மாத உழைப்பு பாழாகும். மேலும், குடற் பற்றீரியாக்களுட் பெரும்பாலானவை ஒட்சிசன் பட்டால் மாள்பவை. அவற்றை வளர்க்க ஒட்சிசன் இல்லாத தனிப் பெட்டிகள் தேவை. அவற்றின் பரம்பரை அலகுகளைப் படித்தறியும் பொறிகளோ பெருவிலையன. வந்து குவியும் எண்களை ஆராயக் கணிதவல்லாரும் வேண்டும். இவையனைத்தையும் தன் சொந்த அறையில் அமைத்துக்கொள்ள எந்த வைத்தியராலும் இயலாது.

இவ்விடத்திலேயே பொது ஆய்வுகூடம் என்னும் எண்ணம் துணைக்கு வருகின்றது. அமெரிக்காவில், நீரிழிவு, சமிபாட்டு நோய், சிறுநீரக நோய் ஆகியவற்றுக்கான தேசிய நிறுவனம், பல பல்கலைக்கழகங்களில் சமிபாட்டு நோய் ஆராய்ச்சி மையங்களுக்குப் பொருளுதவி புரிகின்றது. ஒரு மையத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் பலருக்கும் பொதுவான பணிக்கூடங்கள் அவற்றில் உள்ளன. வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் அமைந்துள்ள நிலையமொன்று, கிருமியற்ற சுண்டெலிகளை வளர்த்து ஏனைய ஆராய்ச்சியாளருக்கும் வழங்குகின்றது. பயன்படுத்துவோர் அளவுக்கேற்பக் கட்டணம் செலுத்துவர். அரும்பொருள் வீணாகாது, வசதியற்ற இளம் ஆராய்ச்சியாளரும் தம் கருத்தைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பைப் பெறுவர். ஒரே முறையிற் பலர் வேலை செய்வதால், ஒருவர் கண்ட முடிவை மற்றொருவர் ஒப்பிட்டு நோக்கவும் இயலும்.

இதன் பயன் யாது என்பதை இரு நிகழ்ச்சிகள் விளக்கும்.

முதலாவது ஆபிரிக்காவின் மலாவி நாட்டைச் சார்ந்தது. அங்கு 317 இணை இரட்டைக் குழந்தைகளை ஆராய்ச்சியாளர் தொடர்ந்து கவனித்தனர். ஒரே தாய், ஒரே குடிசை, ஒரே உணவு. எனினும் சில இணைகளில் ஒரு குழந்தை நலமாயிருக்க, மற்றது உடல் வீங்கும் கொடிய மந்தபோசணைக்கு ஆளாயிற்று. அத்தகைய இரு குழந்தைகளின் குடல் நுண்ணங்கிகளையும் கிருமியற்ற சுண்டெலிகளுள் தனித்தனியே செலுத்தி, மலாவி மக்கள் உண்ணும் உணவையே ஊட்டினர். நோயுற்ற குழந்தையின் நுண்ணங்கிகளைப் பெற்ற எலிகள் பெரிதும் எடை குறைந்தன. 2013இல் வெளியான இவ்வாராய்ச்சி, குறையுணவு மட்டுமன்றி நுண்ணங்கிகளும் அந்நோயிற் பங்குகொள்கின்றன என்பதைப் புலப்படுத்திற்று.

இரண்டாவது நிகழ்ச்சி டாக்கா நகரில் நிகழ்ந்தது. அங்கு 1960இல் வாந்திபேதி ஆராய்ச்சிக்கென ஓர் ஆய்வுகூடம் நிறுவப்பட்டது. உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைப் பருகக் கொடுத்தே வாந்திபேதி நோயாளரைக் காக்கலாம் என்று 1968இல் மெய்ப்பித்த இடங்களுள் அது முதன்மையானது. இலங்கைத் தாய்மார் ‘ஜீவனி’ என்னும் பெயரால் அறிந்துள்ள பொதி அத்தகைய கண்டுபிடிப்பின் வழிவந்ததே. அவ்வாய்வுகூடம் 1978இல் வயிற்றோட்ட நோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச நிலையமாயிற்று.

வயிற்றோட்டத்தினின்றும் பிழைத்த குழந்தைகளைக் காப்பாற்றிய அந்நிலையத்தார், வேறொரு துன்பத்தைக் கண்டனர். மந்தபோசணைக்கு உணவு கொடுத்துத் தேற்றிய குழந்தைகளுட் பலர், வீடு திரும்பியபின் வளர்ச்சி குன்றியே இருந்தனர். காரணத்தை அறிய, அந்நிலையத்தின் தஹ்மீத் அஹமத் என்பாரும், அமெரிக்காவின் சென்ற் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜெப்ரி கோடன் என்பாரும் ஒன்றிணைந்தனர். டாக்காவின் மீர்ப்பூர்ப் பகுதியில், நலமுள்ள 50 குழந்தைகளின் மலம் முதல் 2 ஆண்டுகளும் மாதந்தோறும் பெறப்பட்டு ஆராயப்பட்டது. குழந்தை தவழ்ந்து எழுந்து நடப்பதுபோல, அதன் குடல் நுண்ணங்கிக் கூட்டமும் படிப்படியாக முதிர்கின்றது என்பது தெளிவாயிற்று. மந்தபோசணையுற்ற குழந்தைகளிடத்திலோ அக்கூட்டம் வயதுக்கேற்ப முதிராது பின்தங்கியிருந்தது. வழக்கமான சிகிச்சையுணவு அதனைச் சிறிது காலமே திருத்திற்று. இம்முடிவு 2014இல் வெளியாயிற்று.

அவ்வாறாயின், பின்தங்கிய நுண்ணங்கிகளை முதிரச் செய்யும் உணவு யாது? அந்நாட்டு உணவுப்பொருள்கள் பலவும் கிருமியற்ற சுண்டெலிகளிலும் பன்றிக்குட்டிகளிலும் சோதிக்கப்பட்டன. சிறந்ததெனத் தேர்ந்த கலவையில் இருந்தவை கொண்டைக்கடலைமா, சோயாமா, கச்சான்மா, வாழைக்காய் ஆகியனவே. வறியவரும் அறிந்த பொருள்கள் இவை. 12 முதல் 18 மாதம் வரையுள்ள 123 குழந்தைகளுள் ஒரு பகுதியினருக்கு இக்கலவையும், ஏனையோருக்கு அரிசியும் பருப்பும் சேர்ந்த வழக்கமான உணவும் 3 மாதங்களுக்கு நாளும் இருமுறை ஊட்டப்பட்டன. புதிய கலவை தரும் கலோரி குறைவு. எனினும் அதனை உண்ட குழந்தைகளே விரைவாக எடை கூடினர். குருதியில் ஏறத்தாழ 5,000 புரதங்களை அளந்தபோது, எலும்பின் வளர்ச்சிக்கும் மூளையின் வளர்ச்சிக்கும் துணைபுரிவன உயர்ந்திருந்தமையும் தெரிந்தது. 2021இல் வெளியான இவ்வாராய்ச்சி சிறு தொகையினரிடம் நிகழ்ந்ததாதலின், இதுவே முடிந்த முடிபு எனக் கொள்ளலாகாது. ஆயினும், பட்டினிக்கு மருந்து உணவின் அளவு மட்டுமன்று, உணவின் தகுதியுமாம் என்பதை இது உணர்த்துகின்றது.

இச்செயலில் எத்தனை கைகள் சேர்ந்துள்ளன! குழந்தையின் மலத்தை அருவருப்பின்றிச் சேகரித்துக் கொடுத்த தாய் ஒருத்தி, அது கெடாமுன் குளிர்ப்பெட்டியிற் சுமந்து சென்ற ஊழியர், கிருமியற்ற கூடாரத்தினுள் எலிக்கு உணவிட்ட பணியாளர், பரம்பரை அலகுகளைப் படித்த பொறியாளர், கணக்கிட்ட அறிஞர். விஞ்ஞானச் சஞ்சிகைகளில் இவர்களுட் சிலரது பெயரே இடம்பெறும். ஊர் கூடித் தேர் இழுக்கையில் வடத்தைப் பற்றிய கைகளை எவரும் எண்ணுவதில்லை. வடத்தைப் பற்றியோர் கைவிட்டால் தேர் நிற்பதை மட்டும் எல்லோரும் காண்பர்.

அத்தகைய ஆபத்து கற்பனையன்று. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவிப் பணத்தை நிறுத்தியபோது, டாக்கா நிலையத்தில் அப்பணத்தால் நடந்த திட்டங்களைச் சேர்ந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊழியர் வேலைநீக்கக் கடிதம் பெற்றனர். ஒரு கட்டடத்தை மீண்டும் எழுப்பலாம். வாங்கிய பொறியை மீண்டும் வாங்கலாம். பல்லாண்டு பழகிய கைகளையும், வீடு வீடாகச் சென்று தாய்மாரிடம் தேடிய நம்பிக்கையையும் ஒரு நாளில் மீட்க இயலாது.

எனவே பொது ஆய்வுகூடத்தைக் காப்பதற்கு இரண்டு நெறிகள் இன்றியமையாதன. முதலாவது, அதன் செலவை ஒரே வள்ளலின் கையில் விட்டுவிடாது, பயன்பெறும் நாடுகள் பலவும் தத்தம் ஆற்றலுக்கேற்பத் தாங்குதல். இரண்டாவது, வறிய நாட்டுக் குழந்தையிடமிருந்து பெற்ற பொருளால் விளைந்த அறிவு, செல்வ நாட்டின் நூலகத்தில் தங்கிவிடாது, அக்குழந்தையின் வீட்டுக்கே திரும்பி வருதல். மீர்ப்பூரிலிருந்து புறப்பட்ட சிறு குப்பி, கடல் கடந்து சென்று, ஒரு கிண்ணம் கடலைமாக் கலவையாக மீர்ப்பூருக்கே வந்து சேர்ந்தது. ஏனைய நாடுகளின் குழந்தைகளுக்கும் அவரவர் நிலத்தில் விளையும் பொருளிலிருந்தே அத்தகைய கிண்ணம் கிட்டுமா என்பது, குளத்தின் அணையை யார் காப்பார் என்னும் வினாவுக்கு உலகம் அளிக்கும் விடையைப் பொறுத்ததாகும்.