பேக்கப் எடுத்தாச்சு, ரீஸ்டோர் பண்ணிப் பார்த்தாச்சா?

இன்னைக்கு இம்மிச் பத்திப் பேசலாம். தெரியாதவங்களுக்காக: கூகுள் போட்டோஸ் மாதிரியே ஒரு ஆப். ஆனா படங்கள் எல்லாம் உங்க வீட்டு டிஸ்க்லயே இருக்கும். டாக்கர் கன்டெய்னர்ல ஓடும். ஒரு கம்போஸ் ஃபைல், ஒரு டாட் ஈ.என்.வி. ஃபைல், ஒரு கமாண்ட், அவ்வளவுதான். பழைய லேப்டாப்லகூட சீக்கிரமே எழுந்து நின்னுடும்.

அது ஓட ஆரம்பிச்சதும் அம்மா, தங்கச்சி, சித்தப்பான்னு ஒவ்வொருத்தரா உள்ளே வருவாங்க. போன்ல இடம் இல்லைன்னு அங்கே இருக்கறதை அழிச்சிடுவாங்க. கேட்டா, "அதான் நீ வெச்சிருக்கியே"ம்பாங்க. அந்த நிமிஷத்துல இருந்து தாத்தாவோட கடைசிப் பிறந்தநாள் வீடியோ உலகத்துலேயே ஒரே ஒரு டிஸ்க்லதான் இருக்கு. அந்த டிஸ்க் உங்க மேஜைக்கு அடியில தூசி பிடிச்சுக்கிட்டு இருக்கு.

சரி, எதைக் காப்பாத்தணும்? கன்டெய்னரை இல்ல. அது போனா திரும்ப இறக்கிக்கலாம். காப்பாத்த வேண்டியது ரெண்டு. ஒண்ணு, படங்கள் இருக்கிற ஃபோல்டர். இன்னொண்ணு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். எந்தப் படம் யாரோடது, எந்த ஆல்பத்துல இருக்கு, இந்த முகத்துக்கு என்ன பேர், இதெல்லாம் டேட்டாபேஸ்லதான். படம் மட்டும் தப்பிச்சா கல்யாண ஆல்பத்தைப் பிரிச்சுக் கூடையில கொட்டின மாதிரி ஆயிடும். டேட்டாபேஸ் மட்டும் தப்பிச்சா வெறும் அட்டைதான் மிஞ்சும். கூடவே அந்தக் கம்போஸ் ஃபைலும் ஈ.என்.வி. ஃபைலும் வேணும். சின்ன ஃபைல்தானேன்னு நிறைய பேர் விட்டுடறாங்க.

டேட்டாபேஸ் ஃபோல்டரை அப்படியே காப்பி அடிச்சா போதாதான்னு கேட்பீங்க. ஓடிக்கிட்டு இருக்கிற போஸ்ட்கிரெஸ்ல அது ஆபத்து. பாதி எழுதினதும் பாதி எழுதாததுமா ஒரு காப்பி கிடைக்கும். போஸ்ட்கிரெஸோட ஒரு மேஜர் வெர்ஷன் எழுதின ஃபோல்டரை அடுத்த மேஜர் வெர்ஷன் திறக்கவும் திறக்காது. அதனாலதான் டம்ப் எடுக்கணும். இம்மிச் இதைத் தானாவே செய்யுது. மாத்தாம விட்டிருந்தா தினமும் ராத்திரி 2 மணிக்கு ஒரு டம்ப், கடைசி 14 மட்டும் இருக்கும். ஆனா அது விழறது அதே டிஸ்க்லதான்! டிஸ்க் போனா டம்ப்பும் போச்சு. இன்னொரு டிஸ்க்குக்கும், முடிஞ்சா இன்னொரு ஊருக்கும் அதை அனுப்பறது உங்க வேலை. காப்பி எடுக்கறப்போ முதல்ல டேட்டாபேஸ், அப்புறம் படங்கள். இந்த வரிசையில போனா, மோசமா போனாலும் கணக்குல வராத படம் நாலு கூடுதலா இருக்கும். தலைகீழா பண்ணினா, கணக்குல இருக்கிற படம் கையில இருக்காது.

2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் நிறுவனத்தில் ஒரு இன்ஜினியர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி. சுதாரிச்சு நிறுத்தறதுக்குள்ள மிஞ்சினது நாலரை ஜிபி. சரி, பேக்கப்பை எடுக்கலாம்னு போய்ப் பார்த்தா அங்கே ஒண்ணுமே இல்ல. டேட்டாபேஸ் 9.6, டம்ப் எடுக்கிற புரோகிராம் 9.2. வெர்ஷன் ஒத்துப்போகாம டம்ப் தினமும் தோத்துக்கிட்டே இருந்திருக்கு. அதைச் சொல்ல வந்த ஈமெயில்களையும் மெயில் சர்வர் திருப்பி அனுப்பிடுச்சு. வேற ஒரு வேலைக்காக யாரோ ஆறு மணி நேரம் முன்னாடி எடுத்து வெச்ச ஒரு ஸ்னாப்ஷாட்தான் காப்பாத்துச்சு. இதையெல்லாம் அவங்களே விவரமா எழுதி வெளியிட்டாங்க. அந்த நேர்மைக்கு என் மரியாதை எப்பவும் உண்டு.

அதனால நான் மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஒரு காலி லேப்டாப்ல ரீஸ்டோர் பண்ணிப் பார்க்கறேன். கமாண்ட் லைன்ல பண்றவங்க ஒண்ணைக் கவனிக்கணும்: எல்லாக் கன்டெய்னரையும் ஒண்ணா எழுப்பிடாதீங்க. இம்மிச் முந்திக்கிட்டா காலி டேபிள்களை உருவாக்கி வெச்சிடும், உங்க டம்ப் அது மேல போய் முட்டும். போஸ்ட்கிரெஸை மட்டும் எழுப்பி, டம்ப்பை உள்ளே விட்டு, அப்புறம் மத்தது. போஸ்ட்கிரெஸும் சாதாரண இமேஜா இருக்கக்கூடாது. படங்களைத் தேடறதுக்கு அதுல வெக்டர் எக்ஸ்டென்ஷன் வேணும், அதனால கம்போஸ் ஃபைல்ல இருக்கிற அதே இமேஜைப் போடுங்க. தம்ப்நெயில் இல்லைன்னா பதறாதீங்க, திரும்ப உருவாக்கிக்கலாம். நான் பார்க்கறது மூணு விஷயம்: மொத்தப் படங்களோட எண்ணிக்கை, ஒரு பழைய ஆல்பம், ஒரு வீடியோ முழுசா ஓடுதா.

ரெஸ்டிக் மாதிரி டூல் வெச்சு என்கிரிப்ட் பண்றவங்களுக்கு ஒண்ணு. அந்தப் பாஸ்வேர்டை அதே மெஷின்ல ஓடுற பாஸ்வேர்ட் மேனேஜர்ல மட்டும் வெச்சிருந்தா, பீரோ சாவியை பீரோவுக்குள்ளயே வெச்சுப் பூட்டின கதை. பேப்பர்ல எழுதி வீட்ல யார்கிட்டயாவது கொடுத்து வைங்க.

அந்த 14 டம்ப்பையும் யோசிச்சுப் பாருங்க. ஒரு ஆல்பம் காணாமப் போனதை நீங்க மூணாவது வாரம்தான் கவனிக்கறீங்கன்னா, கையில இருக்கிற 14 டம்ப்லயும் அந்த ஆல்பம் இருக்காது. அதனால மாசத்துக்கு ஒண்ணை எடுத்துத் தனியா வெச்சிடுங்க. டம்ப் சின்னதுதான், இடம் பெருசா ஆகாது.

ரீஸ்டோர் பண்ணிப் பார்த்து எங்கேயாவது மாட்டிக்கிட்டா, எர்ரரோட ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல அதைப் பிரிச்சுப் பார்க்கலாம்.