வெறுக்கப்பட்டவர்க்காக வாதாடிய வக்கீல்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



சில மாதங்களுக்கு முன் இச்சபையிலே, நம் குலத்து இளம் வக்கீல் ஒருவரைச் சிலர் கடிந்து பேசினர். நம்மவர் ஒருவர் தொடுத்த வழக்கில் எதிர்க்கட்சிக்காரனுக்கு அவர் வக்காலத்து ஏற்றுக்கொண்டதே குற்றமாம். அன்று நாமும் வாய் திறவாதிருந்தோம். அம்மௌனம் நம் மனத்தை உறுத்துகின்றபடியால், அமெரிக்க தேசத்து ஜான் ஆடம்ஸ் என்பாரின் சரித்திரத்தில் ஒரு பகுதியை இன்று எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

ஆடம்ஸ் பாஸ்டன் நகரில் வக்கீல் தொழில் நடத்தியவர். அந்நாளில் அந்நகரின் ஜனத்தொகை ஏறக்குறைய 16,000 தான். வழக்குகளுக்கிடையே, அரசியலையும் சட்டத்தையும் பற்றிப் பத்திரிகைகளில் அவர் எழுதிவந்தார். 1765-ஆம் வருஷத்தில் ஆங்கிலப் பார்லிமெண்டு முத்திரை வரி விதித்தபோது, ஜனங்களின் சம்மதம் பெறாத வரி முறையன்று என்றும், ஜூரிகள் இல்லாத நீதிமன்றத்தில் ஜனங்களை விசாரிப்பது தகாதென்றும் எழுதினார்.

இத்தகையவர்க்கு 1770-இல் ஒரு சோதனை நேர்ந்தது. அவ்வாண்டு மார்ச்சு 5-ஆம் தேதி இரவு, ஆங்கிலச் சிப்பாய்கள் ஜனக்கூட்டத்தின்மீது சுட்டனர், ஐவர் மாண்டனர். ஊர் முழுதும் கொதித்தெழுந்தது. காப்டன் பிரெஸ்டனுக்கும் எட்டுச் சிப்பாய்களுக்கும் வாதாட முன்வருவார் அரியராயினர். தம் எழுத்தால் ஆங்கில அரசாங்கத்தை எதிர்த்த ஆடம்ஸோ, ஊராரின் சினத்துக்கு ஆளாகக்கூடுமென்று அறிந்தும், ஜோஸையா குவின்ஸி முதலியோருடன் அவ்வழக்குகளை ஏற்றுக்கொண்டார். காப்டன் விடுதலையானார். சிப்பாய்களில் அறுவர் விடுதலை பெற்றனர். மற்ற இருவரும் கொலைக்குற்றத்தினின்று நீங்கி, அதனிற் குறைந்த குற்றத்திற்காகக் கட்டைவிரலில் சூடிடப்பெற்றனர்.

அந்நகரத்தார் செய்ததையும் கேளுங்கள். அவர் வழக்கை ஏற்றபின், விசாரணை தொடங்குமுன்னரே, ஜூன் மாதத்தில் அவரைத் தம் பிரதிநிதியாய்ச் சட்டசபைக்குத் தேர்ந்தனுப்பினர்! சினம் ஒருபுறமிருக்க, அவருடைய நேர்மையை அவர்கள் மறக்கவில்லை.

பின்னர் மாஸசூஸெட்ஸ் ராஜ்யத்தின் அரசியலமைப்பை வரைந்தவர்களுள் தலையாயவரும் அவரே. 1780-இல் நிறைவேறிய அவ்வமைப்பு, திருத்தங்களுடன் இன்றும் அமலில் உள்ளது. குற்றஞ்சாட்டப்பட்டவன் தானேயாகவோ, தான் தெரிந்துகொண்ட வக்கீல் மூலமாகவோ தன் கட்சியை முற்றும் எடுத்துரைக்கலாம் என்பது அதில் ஒரு விதி. எழுதியதற்கேற்பப் பத்து ஆண்டுகட்கு முன்னரே அவர் நடந்து காட்டிவிட்டார்.

சகோதரர்களே! எதிர்க்கட்சிக்கு வக்கீல் இல்லாமற் பெறும் வெற்றி வெற்றியாகுமா? நாளை நம் பிள்ளையொருவன் வேற்றூர்க் கோர்ட்டில் குற்றவாளிக் கூண்டில் தனியே நிற்பானாயின், அவ்வூர் வக்கீல் ஒருவர் எழுந்து அவனுக்காகப் பேசவேண்டுமென்றன்றோ நாம் தெய்வத்தை வேண்டுவோம்! நமக்கு வேண்டும் நியாயத்தைப் பிறர்க்கு மறுத்தல் தகுமோ?

அவ்விளைஞர் அன்றுமுதல் இக்கூட்டத்திற்கு வருவதில்லை. அவரை இல்லந்தேடிச் சென்று அழைத்துவர எண்ணியுள்ளோம். நம்முடன் வர விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் வாயிலில் காத்திருப்பாராக.