மலைக்கு எத்தனை இங்கிலீஷ்?

போன வாரம் துறையூர் வழியா பச்சைமலைக்குப் போயிருந்தோம். வண்டியில வந்த நண்பன் ஒரு கேள்வி கேட்டான்: "பச்சைமலை ஹில்லா, மவுண்டனா?" இன்னைக்கு எபிசோடே அதுதான்.

பச்சைமலை, கிழக்குத் தொடர்ச்சி மலையில ஒரு பகுதி. உயரம் சுமார் 1,000 மீட்டர் வரைக்கும். இங்கிலீஷ்ல 'பச்சைமலை ஹில்ஸ்'னு எழுதுறாங்க. அதாவது மலை மலைகள்! ஹில்னா சின்னது, மவுண்டன்னா பெரிசு, செங்குத்தானது. ஆனா எத்தனை மீட்டர்ல ஹில் முடிஞ்சு மவுண்டன் ஆரம்பிக்குதுன்னு உலகம் முழுக்க ஏத்துக்கிட்ட கோடு எதுவும் கிடையாது. ஊர் வழக்கம்தான் முடிவு பண்ணுது.

இப்போ திருச்சிக்குள்ள வாங்க. மலைக்கோட்டை வெறும் 83 மீட்டர். அதுவும் நமக்கு மலைதான். இங்கிலீஷ்காரனுக்கு அது ராக். அதனாலதான் சென்னை போற ரயில் தமிழ்ல மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ், இங்கிலீஷ்ல ராக்ஃபோர்ட் எக்ஸ்பிரஸ். நம்ம ஒரு 'மலை'க்குள்ள அவங்களோட ராக், ஹில், மவுண்டன் மூணும் அடங்கிடுது.

உடனே தமிழ்ல சொல் பத்தலன்னு நினைக்காதீங்க. பாறை, குன்று எல்லாம் நம்மகிட்டயும் இருக்கு. லால்குடி பக்கம் வயல்ல நிக்கிறது நெல், மில்லுல இருந்து வர்றது அரிசி, தட்டுல விழுறது சோறு. இங்கிலீஷ்ல மூணுக்குமே 'ரைஸ்'னு சொல்லிட்டுப் போயிடலாம். ஒவ்வொரு மொழியும் கோட்டை வேற வேற இடத்துல போடுது, அவ்வளவுதான்.

இந்தக் கோடு மாறுறதால ஆபீஸ்ல என்ன ஆகுது தெரியுமா? எங்க டீம்ல புதுசா சேர்ந்த ஒரு தம்பி, அமெரிக்க கிளையன்ட் கால்ல "ஐ ஹேவ் எ டவுட் அபவுட் திஸ் டிசைன்"னு சொன்னான். அவன் கேட்க வந்தது ஒரு சின்ன விளக்கம். அந்தப் பக்கம் இருந்தவர் குரலே மாறிடுச்சு. டிசைன் ஏன் சரின்னு ரொம்ப நேரம் வாதாடினார். தம்பிக்கு ஒண்ணுமே புரியல.

நமக்கு 'சந்தேகம்' ரெண்டு வேலை பார்க்குது. வகுப்புல "சார், ஒரு சந்தேகம்"னா புரியல, சொல்லுங்கன்னு அர்த்தம். போலீஸ் சந்தேகப்பட்டா கதையே வேற. அமெரிக்கரோட 'டவுட்' அந்த ரெண்டாவது பக்கம் சாயுது. இந்தியாவுக்குள்ள "ஐ ஹேவ் எ டவுட்" எல்லாருக்கும் புரியும், அது இந்திய இங்கிலீஷ். அதைத் தப்புன்னு கிண்டல் பண்ணாதீங்க. எல்லை தாண்டினா அர்த்தம் மாறுது, அதை மட்டும் தெரிஞ்சுக்கோங்க.

கோட் ரிவ்யூவுல இப்படி வச்சுக்கலாம். 'கொஸ்டின்'னா எனக்குத் தெரியல, சொல்லுங்க. 'டவுட்'னா நீங்க சொல்றது சரியா வரும்னு எனக்குத் தோணல. 'கன்சர்ன்'னா இதனால பிரச்சினை வருமோன்னு கவலையா இருக்கு.

இது வெறும் கிராமர் விஷயம் இல்லைங்க. பல கால்ல நம்ம முகம்கூடத் தெரியாது, வார்த்தை மட்டும்தான் போய்ச் சேருது. மரியாதையா கேட்ட ஒரு பையன், எதிர்த்துப் பேசுறவன்னு பேர் வாங்கிடக் கூடாது. டீம்ல சீனியரா இருக்கீங்கன்னா, புதுசா வர்றவங்களுக்கு முதல் கால்க்கு முன்னாடியே இதைச் சொல்லிக் கொடுங்க.

அடுத்த எபிசோட்ல 'ரிப்ளை', 'ரிவர்ட்' பத்திப் பேசுவோம். அதுவரைக்கும், சந்தேகம் இருந்தா கேளுங்க!